எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங்: மறுபயன்பாடும் கசிவடைப்பும்

எஞ்சினின் சிலிண்டர்களிலிருந்து வெளிவரும் எரிந்த புகையை ஒரே குழாய்க்குள் சேர்த்து அனுப்பும் வார்ப்பிரும்பு உறுப்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. அது சிலிண்டர் ஹெட்டோடு பொருந்தும் இடத்தில் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். உதிரிபாகப் பட்டியல்கள் அதை கேஸ்கெட் என்கின்றன. பட்டறைகளில் அது பேக்கிங். ஒருமுறை நசுங்கிய பேக்கிங்கை மறுபடி போடலாமா, போடும்போது பசை தடவ வேண்டுமா என்ற கேள்விக்குக் கார் பிறந்த காலத்திலிருந்தே பல விடைகள் வழங்கி வருகின்றன. எஞ்சின் தயாரிப்பாளர் ஒன்றைச் சொல்கிறார், மெக்கானிக் வேறொன்றைச் செய்கிறார், பசை விற்பவர் மூன்றாவது வழியைக் காட்டுகிறார். தூத்துக்குடி திரேஸ்புரம் போன்ற கடற்கரையில் இந்தக் கேள்வி காரோடு முடிவதில்லை. உப்புக் காற்றும் படகு எஞ்சினும் கடலுக்கடியில் குழாய்க் காற்றை நம்பி இறங்கும் சங்குகுளிப்பவரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள்.

கசிவின் இயற்பியல்

புகைப் பாதையில் அழுத்தம் அதிகமில்லை. டர்போ இல்லாத எஞ்சினில் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் சராசரி அழுத்தம் வெளிக்காற்றை விடச் சற்றே கூடுதல். சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் தாங்கும் அழுத்தத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. பழைய பேக்கிங் பல நேரம் தாக்குப்பிடிப்பதற்கு இதுதான் முதற்காரணம்.

வெப்பம் வேறு கதை. முழுச் சுமையில் பெட்ரோல் எஞ்சினின் புகை 800 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். டர்போ இல்லாத டீசல் எஞ்சினில் அது பெரும்பாலும் 500 முதல் 600 டிகிரி. மேனிஃபோல்டு இந்தச் சூட்டை வாங்கி நீள்கிறது. தண்ணீரால் குளிர்விக்கப்படும் ஹெட் அவ்வளவு நீள்வதில்லை. அரை மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 500 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2.7 மி.மீ. நீளும். அதே நீளமுள்ள இரும்பு ஹெட் 80 டிகிரி சூடேறி அரை மி.மீ. அளவே நீளும். மேனிஃபோல்டின் முகப்பு அதன் உடலளவு சூடாவதில்லை என்பதால் நடைமுறை வித்தியாசம் இதைவிடக் குறைவு. ஆனாலும் ஒவ்வொரு முறை எஞ்சின் சூடேறி ஆறும்போதும் இரு முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியே ஆக வேண்டும்.

மேனிஃபோல்டின் நடுத்துளை இறுக்கமாகவும் ஓரத்துளைகள் சற்று அகலமாகவும் இருப்பது இதற்காகத்தான். பெரிய ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் மேனிஃபோல்டை இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இணைப்பு கொடுப்பதும் இதே காரணத்தால். ஆகவே பேக்கிங்குக்கு இரண்டு வேலைகள்: புகையை அடைப்பது ஒன்று, உலோகங்கள் வழுக்க இடம் கொடுப்பது மற்றொன்று. மறுபயன்பாட்டைப் பற்றிய வாதங்களில் பெரும்பாலானவை முதல் வேலையைப் பற்றியே பேசுகின்றன. குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

புதிது போடுவதே விதி

இன்றைய கார்க் கையேடுகள் அனேகமாக எல்லாமே கழற்றிய பேக்கிங்கை எறிந்துவிட்டுப் புதிது போடச் சொல்கின்றன. இந்தக் கண்டிப்பு பேக்கிங் செய்யப்படும் பொருளிலிருந்து வந்தது. நெடுங்காலம் பேக்கிங் என்றால் கல்நார்தான். செம்பு அல்லது எஃகுத் தகடுகளுக்கு நடுவே கல்நாரை வைத்து மடிப்பார்கள். அல்லது ரப்பர் கலந்து அழுத்திய கல்நார் அட்டையை வெட்டுவார்கள். முதல் சில நாள் ஓட்டத்திலேயே அந்த ரப்பர் கருகிவிடும். அட்டை மெலியும், போல்ட்டின் இழுவிசை குறையும். அதனால்தான் பழைய கையேடுகள் ஓடிச் சூடேறிய பின் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லின. ஒருமுறை கருகி நசுங்கிய அட்டையை எடுத்துத் திருப்பி வைத்தால், பழைய தடமும் புதிய மேடும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

கல்நார் நுரையீரல் புற்றுநோயையும் மீசோதீலியோமாவையும் உண்டாக்குகிறது என்று உறுதியான பின் அதன் இடத்தை வேறு பொருள்கள் பிடித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 தொடக்கத்திலிருந்து முழுத்தடை நடப்பில் இருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995 இல் அளித்த தீர்ப்பு கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பாதுகாப்பை அடிப்படை உரிமையோடு இணைத்தது. ஆனால் வெள்ளைக் கல்நார் இறக்குமதி இந்தியாவில் நின்றுவிடவில்லை. பழைய எஞ்சினிலிருந்து பேக்கிங்கைச் சுரண்டுபவர் அதைக் கல்நார் என்றே கருதி, நனைத்த பின் எடுப்பது நல்லது. காய்ந்த பேக்கிங்கில் வயர் பிரஷ் போடுவது பட்டறையில் நிற்கும் எல்லோருடைய மூச்சுக்கும் கேடு.

மாற்றாக வந்த விரிகிராஃபைட் நன்றாக வழுக்கும், நன்றாக அடைக்கும். ஆனால் காற்றுபடும் இடத்தில் 450 டிகிரியைத் தாண்டினால் மெல்ல எரிந்து கரையத் தொடங்கும். மைக்கா வகைகள் அதற்கு மேலும் தாங்கும், ஆனால் எளிதில் உதிரும். பல அடுக்கு எஃகுத் தகட்டு பேக்கிங்கில் துளையைச் சுற்றி எழும்பிய வரம்பு ஒன்று இருக்கும். அந்த வரம்பின் சுருள்தன்மையே அடைக்கிறது. நீண்ட வெப்பத்தில் அந்தச் சுருள்தன்மை தளரும். தளர்ந்ததா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. தயாரிப்பாளரின் கண்டிப்புக்கு வலுவான காரணம் இதுவே.

இத்தரப்பின் குறை, அது எல்லா எஞ்சினையும் ஒன்றாகப் பார்ப்பது. டர்போ எஞ்சினில் மேனிஃபோல்டு அழுத்தம் பல மடங்கு கூடுதல், கசிந்தால் டர்போவின் வேகமே குறையும்; அங்கே கண்டிப்பு முழுக்கப் பொருந்தும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள காரிலும் அப்படித்தான். சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால், புகைத்துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்ல, கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். 1995 இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதிகள் வந்தன. இடைப்பட்ட காலத்தில் சிறு கசிவு வெறும் சத்தமாக இருந்தது போய் எரிபொருள் கணக்கையே கெடுக்கும் பழுதாக மாறியது. ஆனால் சென்சாரும் டர்போவும் இல்லாத ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு அதே கண்டிப்பைச் சொல்வதற்கு இந்தக் காரணங்கள் எதுவும் உதவாது.

பேக்கிங்கே வேண்டாம்

எதிர்முனையில் நிற்கும் தரப்பு, இரு முகங்களும் சமமாக இருந்தால் நடுவில் எதுவுமே தேவையில்லை என்கிறது. இது பட்டறைக் குறுக்குவழியாகப் பிறந்ததல்ல. 1955 இல் வந்த ஷெவர்லேயின் சிறிய வி-8 எஞ்சின் வரிசையில் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுகள் பல, தொழிற்சாலையிலேயே பேக்கிங் இல்லாமல் பொருத்தப்பட்டவை. இரும்பு ஹெட், இரும்பு மேனிஃபோல்டு, துல்லியமாகச் சீவிய முகங்கள், இடையில் கிராஃபைட் பூச்சு. இந்த நான்கும் சேர்ந்தால் கசிவு நிற்கும். வழுக்கவும் தடையில்லை.

இது புது எஞ்சினில் செல்லும். கழற்றிய எஞ்சினில் செல்வது அரிது, ஏனென்றால் சூடேறி ஆறிய மேனிஃபோல்டு வளைகிறது. கையேடுகள் பல 0.10 மி.மீ. அல்லது அதையொட்டிய வளைவையே எல்லையாகக் கொள்கின்றன. நேர்விளிம்புக் கோலை முகத்தில் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய மேனிஃபோல்டு பல இந்தச் சோதனையில் தேறாது. தேறாததை லேத் பட்டறையில் கொடுத்துச் சீவினால் மட்டுமே இத்தரப்பின் வாதம் உயிர்பெறும்.

அம்பாசடர் காரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் இந்த விவாதத்துக்கு நல்ல இந்தியச் சான்று. அதில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒரே பேக்கிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். இடையிலுள்ள ஸ்டட்களில் அகன்ற தடித்த வாஷர் ஒன்று இரண்டின் விளிம்பையும் சேர்த்துப் பிடிக்கும். ஒரு மேனிஃபோல்டை மட்டும் சீவினால் அதன் விளிம்பு மெலிந்து வாஷர் சாயும். அப்போது ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் கசியும். உள்ளிழுக்கும் பக்கம் கசிந்தால் எஞ்சின் நிதானமாக நிற்காது. புதுப் பேக்கிங் போட்டும் கசிகிறது என்று பலமுறை மாற்றப்பட்ட எஞ்சின்களில் பழுது பேக்கிங்கில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

செம்பைப் பழுக்கக் காய்ச்சுதல்

மறுபயன்பாட்டுக்கு ஆதரவாக உள்ள வாதங்களில் அறிவியல் அடித்தளம் மிகத் தெளிவாக இருப்பது செம்புத் தகட்டைப் பற்றியது. செம்பு நசுங்கும்போது கடினமாகும். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சினால் அதன் உட்படிகங்கள் புதிதாக உருவாகி மறுபடி மென்மையாகும். காய்ச்சிய செம்பைத் தண்ணீரில் போட்டாலும் காற்றில் ஆறவிட்டாலும் மென்மை ஒன்றுதான். தண்ணீரில் போட்டால் மேற்படலம் எளிதாக உதிர்ந்துவிடும் என்பது மட்டுமே லாபம். தடிப்பு போதுமான அளவு மீதமிருக்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

ஆனால் செம்புக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். 1943 இல் ராஸ்ஹைம், மார்க்கல் இருவரும் தொகுத்து, பின்னர் அமெரிக்க அழுத்தக்கலன் விதிகளில் நிலைபெற்ற பேக்கிங் அட்டவணையின்படி, மென்செம்புத் தகடு முகத்தோடு படிய ஏறத்தாழ 90 மெகாபாஸ்கல் அழுத்தம் தேவை. 1.5 மி.மீ. தடிப்புள்ள கல்நார் அட்டைக்கு ஏறத்தாழ 25 போதும். கொதிகலனுக்காக வகுத்த எண்களை எஞ்சினுக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும் விகிதம் பாடம் சொல்கிறது. அட்டை பேக்கிங்குக்காக வடிவமைத்த மெல்லிய ஸ்டட்களில் கனத்த செம்பைப் போட்டால், முகம் சமமாக இருந்தாலும் அடைப்பு முழுமையாகாமல் போகலாம்.

கடற்கரையில் செம்புக்கு இன்னொரு தடையும் உண்டு. ஹெட் அலுமினியமாக இருந்து உப்பு ஈரம் சேர்ந்தால், செம்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மின்வேதி அரிப்பு நடக்கும், அரிபடுவது அலுமினியம். உள்நாட்டில் பல ஆண்டு நிற்கும் பொருத்தம் துறைமுகத்தில் அவ்வளவு நிற்கும் என்று எதிர்பார்க்க இயலாது. இரும்பு ஹெட் கொண்ட சிறிய டீசல் எஞ்சினுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

பசையின் வாக்குறுதி

பசை பற்றிய விவாதத்தில் இரண்டு வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன. ஒன்று சிலிக்கான் ரப்பர். சாதாரண வகை 250 டிகிரியை ஒட்டியும், செம்புத்தூள் கலந்தது என்று விற்கப்படும் உயர்வகை குறுகிய நேரத்துக்கு 370 டிகிரி வரையும் தாங்கும். ஆயில் சம்ப்புக்கும் வாட்டர் பம்ப்புக்கும் அது அருமையான பொருள். மேனிஃபோல்டு முகத்துக்கு அது பெரும்பாலும் போதாது. கருகி, தூளாகி, அடைத்த இடத்தில் வெற்றிடத்தை விட்டுப்போகும். தகுதியில்லாத சிலிக்கானின் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கவும் செய்யும்.

மற்றொன்று சோடியம் சிலிக்கேட் அடிப்படையிலான புகைக்குழாய்ப் பசை. இது 1000 டிகிரியைக் கூடத் தாங்கும், ஆனால் காய்ந்தால் கல்லாகிவிடும். சைலன்ஸர் குழாய்க்குள் குழாய் நுழையும் இடத்தில் அதற்கு நல்ல பயன் உண்டு. வழுக்க வேண்டிய மேனிஃபோல்டு முகத்தில் அது சில வெப்பச் சுழற்சிகளிலேயே விரிசல் விடும். விட்ட துண்டு மறுமுறை முகத்தைச் சமமாக உட்கார விடாது. வெப்பம் தாங்கும் எண்ணை மட்டும் பார்த்து இதை வாங்குவோர் மேனிஃபோல்டின் அசைவைக் கணக்கில் எடுப்பதில்லை.

பேக்கிங்கின் இருபக்கமும் மெல்லிய கிராஃபைட் பூச்சு, ஸ்டட் மரையில் நிக்கல் அல்லது செம்புப் பசை, நடுவிலிருந்து ஓரம் நோக்கி இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்குதல். இவற்றுக்குத்தான் எல்லாத் தரப்பிலும் எதிர்ப்பு குறைவாக இருக்கிறது.

உப்புக் காற்றில் ஸ்டட்

தூத்துக்குடியில் உப்பளமும் துறைமுகமும் ஒரே காற்றைப் பகிர்கின்றன. உப்பு லாரியின் மேனிஃபோல்டும் நாட்டுப்படகின் மேனிஃபோல்டும் சூடாக இருக்கையில் காய்ந்து, ஆறியதும் ஈரம் ஏற்று, மறுநாள் மறுபடி சூடாகின்றன. துரு இங்கே மூன்று இடங்களில் வேலை செய்கிறது. முகத்தில் செதிலாகக் கிளம்பி பேக்கிங்கைத் தூக்குகிறது. எஃகு உள்தகட்டைத் துளையின் ஓரத்திலிருந்து தின்கிறது. நட்டையும் ஸ்டட்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. கழற்றும்போது ஸ்டட் முறிந்தால் அதை ஹெட்டிலிருந்து துளையிட்டு எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆகும் கூலியோடு ஒப்பிட்டால் பேக்கிங்கின் விலை ஒன்றுமில்லை.

மறுபயன்பாட்டுக்கு எதிரான மிக நடைமுறையான வாதம் இதிலிருந்தே எழுகிறது: எத்தனை முறை கழற்றுகிறோமோ அத்தனை முறை ஸ்டட்டுக்கு ஆபத்து, ஆகவே கழற்றியபின் சந்தேகத்துக்குரிய எதையும் திரும்பப் போடாதிருப்பதே சிக்கனம். விலையை மட்டும் வைத்துப் பேசும் ஆதரவாளரால் இதற்கு விடை சொல்ல முடிவதில்லை. ஆனால் வாதம் இங்கே நின்றுவிடவும் கூடாது. மரை அரித்து மெலிந்த பழைய ஸ்டட்டைப் புதுப் பேக்கிங்கோடு சேர்த்துப் போட்டால் இழுவிசை கிடைக்காது, முதல் சூட்டிலேயே தளரும். புதிது போட்டால் போதும் என்னும் தரப்பும் பழையது போதும் என்னும் தரப்பும் சேர்ந்தே மறந்துவிடும் உறுப்பு ஸ்டட்.

படகில் கசிவின் விலை

கார் எஞ்சின் பெரும்பாலும் பாதிச் சுமையில் ஓடுகிறது. படகு எஞ்சின் மணிக்கணக்கில் ஏறத்தாழ ஒரே வேகத்தில், கனத்த சுமையில் ஓடுகிறது. ஓரிரு சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்ட வல்லத்தில் மேனிஃபோல்டு குட்டையானது, நீட்சியும் சிறிது. அதனால் காய்ச்சிய செம்புத் தகடோ நல்ல நிலையிலுள்ள பழைய பேக்கிங்கோ அங்கே நிலைக்க வாய்ப்பு அதிகம். லாரி எஞ்சினை இறக்கி வைத்த பெரிய படகில் நீண்ட மேனிஃபோல்டின் வழுக்கல் முழுதாகத் திரும்பி வருகிறது. கடல்நீரோ நன்னீரோ ஓடும் உறையுள்ள மேனிஃபோல்டாக இருந்தால் முகம் குளிர்ந்திருக்கும். அங்கே கசிவென்றால் புகை வெளியேறுவதோடு போகாது. எஞ்சின் நின்றபின் நீர் உள்ளே இறங்கி சிலிண்டரைக் கெடுக்கவும் கூடும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய விஷயம் காற்று. முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இக்கரையில் 1961 க்குப் பின் முத்துக்குளிப்பு நடக்கவில்லை, சங்குகுளிப்பு தொடர்கிறது. மூச்சடக்கி இறங்கிய பழைய முறை குறைந்து, படகிலுள்ள கம்ப்ரசர் குழாய் வழியாகத் தரும் காற்றைச் சுவாசித்தபடி கடலடியில் வேலை செய்யும் முறை பரவியிருக்கிறது. கம்ப்ரசர் காற்று இழுக்கும் வாய் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து, மேனிஃபோல்டு பேக்கிங்கும் கசிந்தால், புகை சங்குகுளிப்பவரின் வாய்க்குள் போகிறது.

டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் புகையில் உள்ளதை விடக் குறைவு. அந்த ஆறுதல் கடலடியில் செல்லாது. இந்த வாயு ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேல் பற்றோடு சேரும். நிறமோ மணமோ இல்லை. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. காற்றிலுள்ள நச்சின் பகுதியழுத்தமும் மூன்று மடங்காகிறது. அதே அழுத்தம் இரத்தத்தில் ஆக்ஸிஜனைக் கூடுதலாகக் கரைப்பதால் கீழே இருக்கும்போது அறிகுறி மங்கலாகவே தெரியலாம். மேலேறும்போது ஆக்ஸிஜன் குறைகிறது, ஹீமோகுளோபினைப் பிடித்த நச்சு விடுவதில்லை. மயக்கம் அப்போது வருகிறது. சுவாசக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரம் அழுத்திய காற்றில் கார்பன் மோனாக்சைடை 10 லட்சத்தில் 5 பங்குக்குள் வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஆகவே கம்ப்ரசர் ஏற்றிய படகில் மறுபயன்பாட்டை ஆதரிக்கும் வாதங்கள் எல்லாம் வலுவிழக்கின்றன. சென்சார் இல்லாத, அழுத்தம் குறைந்த, குட்டை மேனிஃபோல்டு கொண்ட எஞ்சின் என்ற அதே காரணங்கள் இங்கே செல்லாக்காசு. சிறு கசிவு எஞ்சினுக்குப் பொருட்டில்லை என்பது உண்மை. அது எஞ்சினைப் பற்றிய உண்மை மட்டுமே. நல்ல பேக்கிங் போட்டிருந்தாலும், கம்ப்ரசரின் காற்று வாயை எஞ்சின் அறைக்கு வெளியே, காற்று வரும் திசையில், புகைக்குழாயிலிருந்து விலக்கி உயரத்தில் வைப்பது தனியாகச் செய்ய வேண்டிய காரியம்.

தீராதவை

சமமான இரும்பு முகங்கள், குட்டை மேனிஃபோல்டு, திடமான செம்புத் தகடு, மூச்சுக் காற்றோடு தொடர்பில்லாத திறந்த இடம் ஆகியவை சேர்ந்தால் மறுபயன்பாட்டைத் தவறென்று சொல்ல முடியாது. டர்போ, சென்சார், பல அடுக்கு எஃகு, அலுமினிய ஹெட், கம்ப்ரசர் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் புதிது போடும் பக்கமே சாய வேண்டியிருக்கிறது. இந்த அளவுக்கு விடை ஓரளவு தெளிவு.

தெளிவில்லாதது நடுப்பகுதி. ஒருமுறை மட்டும் கழற்றிய, கருகாத, தடம் சீராகப் பதிந்த கிராஃபைட் பேக்கிங்கில் எவ்வளவு உயிர் மீதமிருக்கிறது என்பதைப் பட்டறையிலேயே அளக்கும் எளிய கருவி இல்லை. மெக்கானிக்கின் கண்ணும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் வரும் டிக் டிக் ஒலியும், இணைப்பில் படியும் கரிக்கோடும்தான் இன்றும் சோதனைகள். சூடேறியதும் உலோகம் விரிந்து ஒலி மறைந்துவிடுவதால், ஓடிக்கொண்டிருக்கும் படகில் அந்தச் சோதனையும் பாதிதான். கல்நாருக்குப் பதில் வந்த பொருள்கள் ஆய்வகச் சூட்டில் எவ்வளவு தாங்கும் என்பது அட்டவணைகளில் கிடைக்கிறது. தினமும் சூடேறி, ஆறி, உப்பு நீரில் நனைந்து, மறுபடி சூடேறும் நாட்டுப்படகு எஞ்சினில் அந்த எண்களை எவ்வளவு குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது தனியாக அளக்கப்பட வேண்டிய கணக்கு.